ஃபோர்துனியின் டெல்ஃபோஸ் கவுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெனிஸ் நகரில் 1907 வாக்கில் தொடங்கி 1949 வரை தைக்கப்பட்ட ஓர் உடை டெல்ஃபோஸ். பழைய டிசைனர் உடைகளைச் சேர்ப்பவர்கள், ஃபேஷன் படிப்பவர்கள், எங்கிருந்தோ ஒன்று கைக்கு வந்து அதை என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அவசரமாக வந்தவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை: அதில் தண்ணீர் படவிடாதீர்கள், ஹேங்கரில் மாட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் படிக்கலாம்.

டெல்ஃபோஸ் என்றால் என்ன மாதிரி உடை?

தோளிலிருந்து பாதம் வரை நேராக இறங்கும் பட்டுக் குழாய் என்று சொன்னால் முக்கால்வாசி சொன்னதாகிவிடும். லைனிங் கிடையாது, ஜிப் கிடையாது, கொக்கி கிடையாது, இடுப்பு வெட்டும் கிடையாது. மெல்லிய பட்டில் மேலிருந்து கீழாக நெருக்கமாக மடிப்புகள். கழுத்தில் சுருக்கிக் கட்டும் பட்டுக் கயிறு. ஓரங்களில் கோத்த கண்ணாடி மணிகள். உடம்பு அசையும்போது மடிப்பு விரியும், நின்றால் தானே சுருங்கிக்கொள்ளும். அதனால் அளவு எடுத்துத் தைக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஒரே உடை ஒல்லியானவருக்கும் சற்றுப் பருமனானவருக்கும் பொருந்தியது.

நீளம் பாதத்தோடு நிற்காது. தரையில் விழுந்து, கால்களைச் சுற்றிப் பூ விரிந்ததுபோலப் பரவி நிற்கவேண்டும். அருங்காட்சியகப் படங்களில் காண்பது அதைத்தான்.

பெயர் எங்கிருந்து வந்தது?

கிரேக்க நாட்டின் டெல்ஃபியில் 1896-ல் தோண்டியெடுத்த தேரோட்டி வெண்கலச் சிலையிலிருந்து. அந்தத் தேரோட்டி அணிந்திருக்கும் நீண்ட அங்கியின் மடிப்புகள் தூணில் வெட்டிய வரிகள்போல நேராக இறங்கும். மேலே ஒரு குட்டை மேலாடை சேர்ந்தாற்போல் வரும் வகையை ‘பெப்லோஸ்’ என்பார்கள். அதுவும் பழைய கிரேக்க உடையின் பெயர்தான்.

வடிவமைத்தவர் ஃபோர்துனியா, அவர் மனைவியா?

உலகம் மரியானோ ஃபோர்துனியின் பெயரைத்தான் சொல்கிறது. 1871-ல் ஸ்பெயினின் கிரானடாவில் பிறந்தவர். ஓவியர் குடும்பம். 1889-ல் வெனிஸில் குடியேறினார். மேடை விளக்கு, புகைப்படம், ஓவியம், துணி அச்சு என்று பல வேலைகளில் கை வைத்தவர். தையல் அவருடைய தொழில் அல்ல.

மடிப்புப் பட்டுக்கு 1909-ல் பாரிசில் காப்புரிமை அவர் பெயரில்தான் பதிவானது. ஆனால் அந்த ஆவணத்தில் அவரே தம் கையால் ஒரு குறிப்பு எழுதி வைத்தார்: இதைக் கண்டுபிடித்தவர் ஆன்ரியெட், உரிமை அவருடையது, அவசரத்தால் தம் பெயரில் பதிவு செய்ய நேர்ந்தது என்பது அதன் சாரம். ஆன்ரியெட் நெக்ரின் பிரான்சில் பிறந்தவர். 1902 முதல் வெனிஸில் அவரோடு வாழ்ந்தார், 1924-ல் மணமுடித்தார். பட்டறையை நடத்தியவரும் அவர்தான். 1949-ல் ஃபோர்துனி இறந்ததும் டெல்ஃபோஸ் தயாரிப்பையே நிறுத்திவிட்டார். ஆகவே ‘ஃபோர்துனி கவுன்’ என்று சொல்லும்போது ஆன்ரியெட் பெயரையும் சேர்த்துச் சொல்வதே சரி. கண்காட்சிக் குறிப்பு எழுதுகிறவர்கள் பலர் இதை இன்னமும் விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் மற்றப் பெண்கள் என்ன உடுத்தினார்கள்?

1900-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய மேல்தட்டுப் பெண்ணின் உடம்பை அமைத்தது கார்செட். எஃகுப் பட்டைகள் வைத்துத் தைத்த அந்தக் கச்சு, மார்பை முன்னுக்கும் இடுப்பைப் பின்னுக்கும் தள்ளி ஆங்கில எஸ் எழுத்துபோல நிற்கவைத்தது. அதன்மேல் உள்பாவாடைகள், அவற்றின்மேல் லேஸ், உயர்ந்த காலர். உடுத்திவிட ஒரு பணிப்பெண் வேண்டும்.

1906 வாக்கில் பாரிசின் பால் புவாரே இடுப்புக் கோட்டை மார்புக்குக் கீழே உயர்த்தி, கார்செட் இல்லாத உடைகளைக் கொண்டுவந்தார். 1909-ல் ருஷ்ய பாலே குழு பாரிசுக்கு வந்ததும் கீழைத்தேய நிறங்கள் பித்தாகப் பிடித்தன. 1910 வாக்கில் அதே புவாரே முழங்காலுக்குக் கீழ் இறுக்கிய பாவாடையையும் பரப்பினார். இடுப்பை விடுவித்தவரே காலைக் கட்டினார்! 1920-களில் நேர்க்கோட்டுக் குட்டை உடை. 1930-களில் பாரிஸ் வடிவமைப்பாளர் மதலேன் வியோனே வழியில் துணியை மூலைவாக்கில் பிடித்து வெட்டித் தைத்த, உடம்போடு வழியும் கவுன்கள்.

இத்தனை மாற்றத்துக்கும் நடுவே டெல்ஃபோஸ் ஏறக்குறைய அப்படியே இருந்தது. நாற்பது ஆண்டுகள் ஒரே வடிவம். பருவத்துக்குப் பருவம் மாறுவதுதான் ஃபேஷன் என்றால் இது ஃபேஷனுக்குள்ளேயே வராது. அதனால்தான் இன்று பார்த்தாலும் ‘பழைய காலத்து உடை’ என்ற எண்ணம் வருவதில்லை.

வெளியே உடுத்திப் போனார்களா?

முதலில் இல்லை. மாலையில் வீட்டுக்கு நெருங்கியவர்கள் வரும்போது, கார்செட்டைக் கழற்றிவிட்டு அணியும் ‘டீ கவுன்’ என்றொரு வகை அப்போது இருந்தது. டெல்ஃபோஸையும் அந்தக் கணக்கில்தான் வைத்தார்கள். உடம்பின் வடிவம் அப்படியே தெரியும் உடையில் தெருவில் இறங்க நடனக்காரர்களுக்கும் நடிகைகளுக்கும்தான் துணிவு இருந்தது. நடனக் கலைஞர் இசடோரா டங்கன் அவர்களில் ஒருவர். 1920-களில்தான் மற்றவர்களும் விருந்துகளுக்கு அணியத் தொடங்கினார்கள்.

மடிப்பை எப்படிப் போட்டார்கள்?

முழுச் செய்முறையை ஃபோர்துனியும் ஆன்ரியெட்டும் எழுதி வைக்கவில்லை. காப்புரிமைப் படமும் உடைகளும் சொல்வது இவ்வளவு: பட்டை முதலில் பல முறை சாயத்தில் முக்கினார்கள். அதனால்தான் ஒரே நிறத்துக்குள் ஆழம் தெரிகிறது. பிறகு ஈரமாக இருக்கும்போதே கையால் நெடுக்கு மடிப்புகளைப் பிடித்தார்கள். துணியின் ஓர் அகலத்துக்குள் நானூறுக்கும் மேற்பட்ட மடிப்புகள். அதன்பின் உள்ளே சூடேறும் குழாய்களுக்கு இடையே துணியைக் கொடுத்து, மடிப்பின் குறுக்கே லேசான அலையையும் உண்டாக்கினார்கள். காப்புரிமை குறிப்பாகக் கேட்டது இந்த அலையோடு கூடிய மடிப்பைத்தான்.

கையால் பிடித்தது என்பதை இன்றும் கண்ணால் பார்க்கலாம். அடுத்தடுத்த இரண்டு மடிப்புகள் ஒரே ஆழத்தில் இருக்காது. சில இடத்தில் ஒன்று இரண்டாகப் பிரியும், சில இடத்தில் இரண்டு ஒன்றாகும்.

தண்ணீர் பட்டால் மடிப்பு ஏன் போய்விடுகிறது? பாலியஸ்டரில் போவதில்லையே?

பட்டு ஒரு புரதம். அதன் நுண்ணிழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவற்றில் ஹைட்ரஜன் பிணைப்புகளும் உண்டு. ஈரம் இவற்றை அவிழ்க்கும். காயும்போது துணி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் புதிய பிணைப்புகள் உருவாகும். மடித்துக் காயவைத்தால் மடிப்பு நிற்பதும், நனைந்து விரிந்து காய்ந்தால் மடிப்பு மறைவதும் ஒரே காரணத்தால்தான். கஞ்சி போட்டுக் கொசுவம் வைத்த சேலை மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டாம். நனைவதுதான் என்றில்லை. நீராவி, வியர்வை, ஈரக்காற்று எல்லாமே மெல்ல மெல்ல அதே வேலையைச் செய்யும்.

பாலியஸ்டர் சூட்டில் இளகி, ஆறும்போது இறுகும் பிளாஸ்டிக் இழை. சூட்டில் போட்ட மடிப்பைத் தண்ணீரால் அசைக்க முடியாது. 1993-ல் ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே கொண்டுவந்த ‘பிளீட்ஸ் பிளீஸ்’ உடைகள் இந்தக் குணத்தை நம்பியவை. பெரிதாகத் தைத்த உடையைக் காகிதங்களுக்கு இடையே வைத்துச் சூட்டோடு அழுத்துவார்கள். துவைக்கும் இயந்திரத்தில் போட்டாலும் மடிப்பு போகாது.

ஓரத்துக் கண்ணாடி மணிகள் அழகுக்காகத்தானா?

அழகு இரண்டாவது. முதல் வேலை எடை. இவ்வளவு மெல்லிய பட்டு தானாக நேராகத் தொங்காது, காற்றில் எழும்பும், உடம்பில் ஒட்டும். பக்கத் தையல் நெடுகிலும் மேலாடையின் விளிம்பிலும் கயிற்றில் கோத்த மணிகள் துணியைக் கீழே இழுத்து நிறுத்துகின்றன. மணிகள் வெனிஸ் கண்ணாடி. பெரும்பாலும் வெளிர் நிறத்தில், மேலே அடர்ந்த நிறக் கோடுகள் ஓடும்.

உடையை அழிப்பதும் இதே எடைதான். எப்படி என்பது கீழே.

கையில் இருப்பது அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

லேபிளைத் தேடுவதற்கு முன் தையலைப் பாருங்கள்.

பட்டின் நான்கைந்து அகலங்கள் கரையோடு கரை சேர்த்துக் கையால் தைக்கப்பட்டிருக்கும். தையல் மடிப்பின் பள்ளத்துக்குள் ஒளிந்திருப்பதால் விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்கவேண்டும். ஓவர்லாக் தையல் (துணியோரம் பிரியாமல் மெஷினில் சுற்றி அடிப்பது) தெரிந்தால் அசல் இல்லை, அல்லது பிற்காலத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஜிப் இருந்தாலும் அப்படியே.

மடிப்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சீப்புப் பல்போல ஒரே அளவில் வரிசையாக நின்றால் அது இயந்திர மடிப்பு. மணிகளைக் கையில் உருட்டிப் பாருங்கள்: கண்ணாடி குளிர்ச்சியாக, எடையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் கோடுகள் கொஞ்சம் வேறுபடும். பிளாஸ்டிக் மணிகளில் வார்ப்பு இணைந்த கோடு தெரியும்.

இடுப்புப் பட்டி கூட வந்தால் நல்லது. அதே பட்டில், மடிப்பில்லாமல், பொன் அல்லது வெள்ளி நிறத்தில் ஸ்டென்சில் அச்சோடு இருக்கும்.

நூலை உருவித் தீயில் காட்டும் சோதனை ஜவுளிக்கடைக்குச் சரி. நூறு வயதான உடையில் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: எல்லாப் பட்டு மடிப்பு உடையும் போலி அல்ல, எல்லாம் ஃபோர்துனியும் அல்ல. வேல்ஸைச் சேர்ந்த பட்ரீஷியா லெஸ்டர் 1980-கள் முதல் தம் பெயரிலேயே இந்த வகையில் மடிப்புப் பட்டு உடைகள் செய்தவர். அவற்றின் லேபிளை வெட்டிவிட்டால் பழகாத கண் ஏமாறும்.

லேபிள் இல்லையே, போலியா?

இல்லை. லேபிள் இல்லாத அசல் டெல்ஃபோஸ்கள் ஏராளம்.

எந்த ஆண்டு தைத்தது என்று சொல்ல முடியுமா?

பத்தாண்டுக் கணக்கில் சொல்லலாம், ஆண்டுக் கணக்கில் சொல்வது கடினம். அகன்ற கைப்பகுதியை மேலே கயிறு கோத்து மணியோடு இணைத்தவை பெரும்பாலும் முந்தியவை. கையில்லாதவை பெரும்பாலும் 1920-களும் அதற்குப் பிறகும். ஆனால் பழைய மாதிரியைப் பின்னாளிலும் தைத்தார்கள் என்பதால் இது ஒரு சாய்வுதானே தவிரச் சான்று அல்ல. வாங்கிய ரசீது, அணிந்தவரின் தேதியிட்ட புகைப்படம், நியூயார்க் மேடிசன் அவென்யூ கடையின் பெட்டி போன்றவை இருந்தால் அவற்றை உடையிலிருந்து பிரிக்காதீர்கள். பாதி மதிப்பு அந்தக் காகிதத்தில் இருக்கும்.

வாங்குவதற்கு முன் விற்பவரிடம் என்ன கேட்கவேண்டும்?

தரையில் விரித்து எடுத்த முழு நீளப் படம், முன்னும் பின்னும். பொம்மையில் மாட்டிய படம் மட்டும் போதாது, மாட்டினால் பல குறைகள் மறைந்துவிடும். அக்குளின் உள்பக்கம், கழுத்துக் கயிறு ஓடும் பகுதி, கீழ் விளிம்பு, உட்காரும் இடம் ஆகியவற்றின் நெருங்கிய படங்கள். தோளிலிருந்து விளிம்பு வரை சென்டிமீட்டரில் நீளம்.

நீளத்தை ஏன் கேட்கவேண்டும் என்றால், பின்னாளில் நடக்க வசதியாக விளிம்பை வெட்டியவர்கள் நிறைய. கணுக்காலோடு நிற்கும் டெல்ஃபோஸ் அநேகமாக வெட்டப்பட்டது. வெட்டியதைத் திரும்பச் சேர்க்க முடியாது. மணி விடுபட்டதை ஓரளவு சரிசெய்யலாம், அக்குள் கறையோடு வாழலாம், வெட்டிய விளிம்புக்கு வைத்தியம் கிடையாது. விலை பேசும்போது இந்த வரிசையை மனதில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று: ‘நன்றாகச் சுத்தம் செய்தது’ என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், எப்படி என்று கேளுங்கள்.

துவைக்கலாமா? டிரை கிளீனிங்? ஸ்டீம்?

மூன்றும் கூடாது. தண்ணீர் ஏன் கூடாது என்று பார்த்தோம். ஈரத்தில் பட்டின் பலமும் குறையும், பழைய பட்டில் இன்னும் மோசம். பல அடுக்காக ஏற்றிய சாயமும் கசியலாம்.

டிரை கிளீனிங்கில் தண்ணீர் இல்லையே என்பார்கள். கரைப்பான் மடிப்பை அவ்வளவாகத் தொடாது என்பது உண்மைதான். ஆனால் உடை உருளைக்குள் சுழலும்போது கண்ணாடி மணிகள் ஒன்றோடொன்று மோதி உடையும், கயிறு அறும். கடைசியில் கடைக்காரர் பழக்க தோஷத்தில் நீராவி இஸ்திரி போடுவார். அதோடு கதை முடிந்தது.

செய்யக்கூடியது ஒன்றே: மெல்லிய நைலான் வலையை மேலே பிடித்துக்கொண்டு, வாக்குவம் கிளீனரை மிகக் குறைந்த இழுப்பில் வைத்து, மடிப்பின் போக்கிலேயே தூசியை எடுப்பது. கறையை அப்படியே விடுங்கள்.

ஹேங்கரில் மாட்டினால் என்ன ஆகும்? வேறு எப்படி வைப்பது?

மணிகளின் எடை இரவும் பகலும் தோள்பட்டையை இழுக்கும். சில மாதங்களில் மடிப்பு நீண்டு தளரும், தோளில் பட்டு கிழியத் தொடங்கும்.

பட்டறையிலிருந்து வாடிக்கையாளருக்குப் போனபோதே உடை முறுக்கிச் சுருட்டி, ஒரு சிறு பெட்டிக்குள்தான் போயிற்று. நெசவாளர் கையில் இருக்கும் நூல் சிட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் கிரஷ் துப்பட்டாவை முறுக்கி விற்பதும் இதே தத்துவம்தான்: முறுக்கில் இருக்கும்வரை மடிப்பு விரிய இடமில்லை.

பட்டு இன்னும் உறுதியாக இருந்தால் மட்டும் இப்படிச் செய்யலாம். இரண்டு பேர் வேண்டும். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றுங்கள். கையைக் கழுவி நன்றாகத் துடையுங்கள், க்ரீம் தடவியிருக்கக்கூடாது. பருத்திக் கையுறை மணியில் மாட்டும் என்பதால் நைட்ரைல் கையுறை நல்லது. மேசையில் கஞ்சியில்லாமல் அலசிய மல் துணியை விரித்து உடையை நீளவாக்கில் படுக்கவையுங்கள். மேலிருந்து கீழாக விரலால் மடிப்புகளை ஒன்றுசேர்த்து வாருங்கள். பக்கவாட்டில் இழுக்கவே கூடாது. ஒருவர் தோளையும் மற்றவர் விளிம்பையும் பிடித்து, ஒரே திசையில் தளர்வாக முறுக்குங்கள். பிழிவதுபோல வேண்டாம், கயிறுபோல உருண்டால் போதும். பிறகு தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாடு மாதிரி வட்டமாகச் சுருட்டுங்கள். மணிகள் வெளிப்பக்கம் வரட்டும். மணிக்கும் பட்டுக்கும் இடையே அமிலமில்லாத டிஷ்யூ தாளைக் கொடுங்கள், இல்லாவிட்டால் மணியின் தடம் பட்டில் பதியும். பெட்டியும் அமிலமில்லாத அட்டையாக இருக்கவேண்டும். உடைமேல் இன்னொன்றை அடுக்காதீர்கள்.

எங்காவது பட்டு கோடுகோடாகப் பிளந்திருந்தால் முறுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். முழு நீளப் பெட்டியில், டிஷ்யூ உருளைகளின் தாங்கலோடு படுக்கவைப்பதே வழி.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற ஊர்களில்?

டெல்ஃபோஸுக்குப் பகையான ஊர்கள்தான். பட்டுக்கு ஏற்ற காற்று ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் அதைவிட அதிகம்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளும் ஒரு சிறிய ஈரப்பதமானியும் வையுங்கள். ஜெல் பை துணியில் படக்கூடாது. இரவில் மட்டும் ஏ.சி. போட்டுக் காலையில் நிறுத்தும் படுக்கையறையில் வைக்காதீர்கள். குளிர்ந்த பொருள்மேல் வெதுவெதுப்பான ஈரக்காற்று படும்போது தினம் ஒருமுறை ஈரம் ஏறி இறங்கும், தொடர்ந்து ஈரமாக இருப்பதைவிட அது பொல்லாதது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம், மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். ஆண்டுக்கொருமுறை திறந்து பார்ப்பதைச் சென்னையில் பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். அடைமழைக் காலத்தில் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

அந்துருண்டை, வசம்பு போட்டு வைக்கலாமா?

அந்துருண்டை வேண்டாம். வாடை பட்டில் ஏறினால் இறங்காது. பெட்டிக்குள் ஆவியாகிப் படிவதும் நல்லதல்ல. பட்டுச் சேலையோடு வசம்பு வைக்கும் வழக்கம் பழையது, ஆனால் அதில் எண்ணெய் இருக்கிறது, நேராகப் பட்டால் கறை விழும். இராமபாணப் பூச்சிக்கு உண்மையான மருந்து ஈரமில்லாமை, தூசியில்லாமை, மாதம் ஒருமுறை அலமாரியைச் சுற்றிப் பார்ப்பது.

மணி உதிர்ந்தால்? பட்டு பிளந்தால்?

உதிர்ந்த மணிகளை எண்ணிச் சிறு பையில் போட்டு, எந்தப் பக்கத்தில் எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று எழுதி வையுங்கள். பெரும்பாலும் மணி உடைவதில்லை, கயிறுதான் அறும். கண்ணாடித் துளையின் கூரான விளிம்பு பட்டுக் கயிற்றை ஆண்டுக்கணக்கில் அராவிக்கொண்டே இருக்கும். மறுபடி கோப்பதற்குப் பட்டுக் கயிறையே பயன்படுத்தவேண்டும். நைலான் நரம்பு அறாது, அதனால்தான் அது ஆபத்து: இழுப்பு வந்தால் அறவேண்டியது கயிறு, உடை அல்ல.

பட்டுப் பிளவுக்குப் பசை, ஒட்டும் கேன்வாஸ், செல்லோடேப் எதுவும் வேண்டாம். பழந்துணிப் பாதுகாப்பு நிபுணர்கள் கிரெப்லின் என்னும் மிக நுண்ணிய பட்டு வலையை அதே நிறத்தில் சாயமேற்றி, பின்பக்கம் வைத்து, முடிபோன்ற நூலால் தளர்வாகப் பிடித்துவிடுவார்கள். தெருமுனைத் தையற்காரர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் இது அவருடைய வேலை அல்ல.

போன மடிப்பைத் திரும்பப் போட முடியுமா?

அந்தக் காலத்தில் முடிந்தது. நனைந்தால் வெனிஸுக்கே அனுப்புவார்கள், மடித்து வரும். 1949-க்குப் பிறகு அந்தக் கதவு மூடிவிட்டது. ஜூதெக்கா தீவில் ஃபோர்துனி ஆலை இன்றும் ஓடுகிறது, ஆனால் அது அச்சுப் பருத்தித் துணிக்கான ஆலை. நீங்களாக நனைத்து முறுக்கினால் புதிய மடிப்பு விழும்தான், ஆனால் அது உங்கள் மடிப்பு, அசலின் தடயம் அத்தோடு போய்விடும். தட்டையாகிப்போன டெல்ஃபோஸ்கூட அசல் டெல்ஃபோஸ்தான்.

ஒரே ஒருமுறை உடுத்தலாமா?

எங்கள் பதில் வேண்டாம் என்பதே. உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் பின்பக்க மடிப்பு நசுங்கும், அக்குள் வியர்வை பட்டுக்கும் சாயத்துக்கும் கேடு.

கேட்கமாட்டீர்கள் என்றால்: வாசனைத் திரவியமும் டியோடரண்டும் இல்லாமல், கைப்பை தோளில் தொங்காமல், நின்றபடி, குளிரூட்டிய அறையில், சிறிது நேரம். கழுத்துக் கயிற்றை முழுக்கத் தளர்த்தி, காலுறையைச் சுருட்டுவதுபோல விளிம்பிலிருந்து கழுத்து வரை கையில் சேர்த்துக்கொண்டு, தலைவழியாகப் போடவேண்டும். துணைக்கு ஒருவர் இருக்கட்டும். தரையில் விழும் விளிம்பைத் தாமே மிதித்துக் கிழித்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் விபத்து.

இதுபோன்ற மடிப்பை வீட்டில் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். அசலைத் தொடுவதைவிட இது எவ்வளவோ மேல், மாணவர்களுக்கு நல்ல பயிற்சியும்கூட. முதலில் ஒரு ஸ்டோல் செய்து பாருங்கள்.

துணி: ஹபோதாய் எனப்படும் மெல்லிய வெண்பட்டு, 5 முதல் 8 மோமி எடை (8 மோமி என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம்), 110 செ.மீ. அகலம், 2 மீட்டர். காஞ்சிபுரம் பட்டு இதற்கு ஆகாது. கனம் அதிகம், ஜரிகை மடங்காது. துணியை மென்சோப்பில் அலசிக் கஞ்சியை நீக்குங்கள். சாயம் போடுவதானால் இப்போதே போட்டுவிடவேண்டும்.

அகலத்தின் குறுக்கே 7 செ.மீ. இடைவெளியில் வரிசைகள் குறியுங்கள், இரண்டு மீட்டருக்கு 28 வரிசை வரும். உறுதியான வெள்ளை பாலியஸ்டர் நூலை இரட்டையாக எடுத்து, ஒவ்வொரு வரிசையிலும் 5 மி.மீ. ஓட்டுத் தையல் போடுங்கள். மேல் வரிசையில் ஊசி நுழைந்த இடத்துக்கு நேர் கீழே அடுத்த வரிசையிலும் நுழையவேண்டும். நிறநூல் வேண்டாம், சாயம் இறங்கும்.

பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, லேசாக ஒத்தி எடுத்து, ஈரமாக இருக்கும்போதே எல்லா நூல்களையும் இழுத்து இறுக்கி முடிச்சிடுங்கள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைப் பிடித்து, துணி தானே சுருண்டு மடங்கும்வரை முறுக்குங்கள். நாடாவால் கட்டிவிடுங்கள். பழைய வேட்டித் துணியில் சுற்றி, இட்லிப் பானையில் அரை மணி நேரம் நீராவி காட்டலாம். தண்ணீர் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாயம் ஏற்றிய துணியானால் சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள். பிறகு நிழலில் காயட்டும். வெயில் நாளில் மூன்று நாள், மழை நாளில் ஒரு வாரம்.

பத்தில் எட்டுப் பேர் சறுக்குவது இங்கேதான். வெளியே தொட்டால் காய்ந்திருக்கும், உள்சுருளில் ஈரம் இருக்கும். அவசரப்பட்டு அவிழ்த்தால் நடுப்பகுதி மட்டும் வழுவழுவென்று தட்டையாக வரும். சந்தேகம் இருந்தால் இன்னும் இரண்டு நாள் விடுங்கள். அவிழ்த்தபின் நூல்களை வெட்டி ஒவ்வொன்றாக உருவுங்கள்.

கணக்கைக் கவனியுங்கள்: 5 மி.மீ. தையலில் ஒரு மடிப்புக்கு ஏறவும் இறங்கவும் ஒரு செ.மீ. துணி போகும், ஆக 110 மடிப்பு. தையலை 3 மி.மீ. ஆக்கினால் 180-ஐத் தாண்டும். அசலில் நானூறுக்கு மேல். ஒரு மாலை உட்கார்ந்து தைத்துப் பார்த்தால் ஆன்ரியெட்டின் பட்டறை என்ன செய்தது என்பது விரலுக்குத் தெரியும்.

முழு கவுன் வேண்டுமானால், 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஓர் அகலத்துக்கு ஒன்றரை மீட்டர் வீதம் நான்கு அகலம், மொத்தம் 6 மீட்டர். ஒவ்வொன்றையும் தனியாக மடித்து, காய்ந்த பிறகு கரையோடு கரை கையால் சேருங்கள். மெஷினில் கொடுத்தால் அதன் பாதம் மடிப்பை நசுக்கித் தையலோரம் அலைபாயும்.

அசலை எங்கே பார்க்கலாம்?

வெனிஸில் அவர்கள் வாழ்ந்து வேலை செய்த பெசாரோ ஓர்ஃபெய் மாளிகையை ஆன்ரியெட் 1956-ல் நகரத்துக்குக் கொடுத்தார். இப்போது அது ஃபோர்துனி அருங்காட்சியகம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், மாட்ரிடின் உடை அருங்காட்சியகம், கியோட்டோ உடைக்கலை நிறுவனம் ஆகியவற்றின் சேகரிப்பிலும் டெல்ஃபோஸ்கள் உண்டு. பழைய பட்டை 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சத்தில், சில மாதங்களுக்கு மட்டுமே காட்சிக்கு வைப்பார்கள். ஆகவே டிக்கெட் எடுக்குமுன், அந்த மாதம் அது வெளியே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.